சிப்பிப்பாறை: முயல் செதுக்கிய நாய்

சிப்பிப்பாறை என்பது முதலில் ஓர் ஊரின் பெயர். விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தில், கரிசல் மண்ணில் கிடக்கும் சிற்றூர் அது. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கும் ஊர் நினைவுக்கு வருவதில்லை. ஒட்டிய வயிறும் நீண்ட முகமும் சவுக்குக் கம்பு போன்ற கால்களுமாக ஒரு நாய்தான் கண்முன் நிற்கிறது. தென் தமிழ்நாட்டு வேட்டைநாய் இனங்களில் முயல் பிடிப்பதற்கென்றே ஆளாக்கப்பட்டது இந்த இனம். அதன் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு அளவுக்கும் காரணம் தேடிப் போனால் கடைசியில் ஒரு முயலில்தான் போய் முட்ட வேண்டியிருக்கும்.

வேட்டைநாய்களில் இரண்டு பெரும் வகை உண்டு. மோப்பம் பிடித்துத் தடம் தொடர்பவை ஒன்று. மூக்கைத் தரையோடு வைத்துக்கொண்டு மணிக்கணக்காக நடக்கும் அந்த வகைக்குக் காடும் ஈரமும்தான் களம். இரண்டாவது வகை, இரையைக் கண்ணால் கண்டு, ஓடியே பிடிப்பவை. அவற்றுக்கு மறைப்பில்லாத வெட்டவெளி வேண்டும். மரம் அடர்ந்த இடத்தில் அவற்றின் வேகம் வீண். கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்து, அறுப்பு முடிந்தால் அடிவானம்வரை மொட்டையாகக் கிடக்கும் சாத்தூர், கோவில்பட்டி, சங்கரன்கோவில் வட்டாரக் கரிசல் காடு இரண்டாவது வகைக்கென்றே அமைந்தது போன்ற நிலம். அந்த நிலத்தில் ஓடிய முயலும், அதன் பின்னால் ஓடிய நாயும், அந்த நாய்க்குப் பின்னால் ஓடிய மனிதனும் சேர்ந்து உண்டாக்கியதுதான் சிப்பிப்பாறை.

இதே நிலத்தில் இதே உடற்கட்டோடு இன்னொரு நாயும் இருக்கிறது. அதன் பெயர் கன்னி. இரண்டும் ஒன்றா வேறா என்ற வழக்கு வளர்ப்போர் மத்தியில் தீராமல் நடக்கிறது. நடைமுறையில் நிறத்தை வைத்துத்தான் பெயர் சொல்கிறார்கள். உடம்பு முழுக்கக் கருப்பாகவும், கண்ணுக்கு மேலே இரண்டு பொட்டு, கன்னம், மார்பு, கால்கள் ஆகிய இடங்களில் செம்பழுப்பாகவும் இருந்தால் கன்னி. அதே கட்டில் வெளிறிய பால் நிறமாக இருந்தால் பால்கன்னி. செவலை, சாம்பல், கருப்பு என ஒரே நிறமாக இருந்தால் சிப்பிப்பாறை. வெள்ளை நிறம் மார்பிலோ விரல் நுனியிலோ கொஞ்சம் தெரிந்தால் பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் முகம் சுளிப்பார்கள்.

மரபணுக் கணக்கு இந்த வழக்கைக் கொஞ்சம் சிக்கலாக்கிவிடுகிறது. நாய்களில் செவலை நிறம் ஓங்கிய பண்பு. கருப்பில் செம்பொட்டு வைத்த நிறம் அதற்கு அடங்கிப்போகும் பண்பு. அடங்கிய பண்பை உள்ளே ஒளித்து வைத்திருக்கும் இரண்டு செவலை நாய்கள் சேர்ந்தால், ஒரே ஈற்றில் செவலைக் குட்டியும் பிறக்கலாம், கருப்பில் பொட்டு வைத்த குட்டியும் பிறக்கலாம். ஒரு தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் சிப்பிப்பாறை, தம்பி கன்னி என்றாகிவிடும். நிறத்தை மட்டும் வைத்து இரண்டு இனம் என்று அடித்துச் சொல்வது கடினம் என்பதற்கு இதுவே போதும். ஓட்டத்திலும் வேலையிலும் இரண்டுக்கும் வித்தியாசம் காண்பதும் அரிது. இந்தக் கட்டுரையில் சிப்பிப்பாறைக்குச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி கன்னிக்கும் பொருந்தும்.

கன்னி என்ற பெயருக்கு ஊரில் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்ணுக்குச் சீரோடு இந்த நாயையும் கொடுத்து அனுப்பினார்கள், அதனால் கன்னி என்றானது என்பது அந்தக் கதை. நல்ல குட்டியைக் காசுக்கு விற்கக் கூடாது, வேண்டியவருக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும் என்ற பேச்சும் அதோடு சேர்ந்து வரும். பெயர்க் காரணமாக இதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நாயை எப்படிக் கை மாற்றினார்கள் என்பதை இது காட்டிக்கொடுக்கிறது. சந்தைச் சரக்காக இல்லாமல், உறவு வழியாகவும் உபகாரம் வழியாகவும் சுற்றி வந்த நாய் இது. யார் வீட்டுக் குட்டி யாரிடம் போனது என்பது அந்த வட்டாரத்துக்கே மனப்பாடமாக இருந்தது. எழுதி வைத்த வம்சாவளி ஏதும் இல்லாமலே இனம் கெடாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பாளையக்காரர்கள் காலத்தில் இந்த நாய்களுக்கு அரண்மனை ஆதரவு இருந்தது. மதுரை நாயக்கர் ஆட்சியில் 16-ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்தப்பட்ட பாளையங்களில் ஏழாயிரம்பண்ணை, எட்டயபுரம், சிவகிரி, பாஞ்சாலங்குறிச்சி எல்லாம் இந்த வறண்ட நிலத்திலும் அதன் ஓரங்களிலும்தான் இருந்தன. வேட்டை அங்கே பொழுதுபோக்கும் ஆகும், படைப்பயிற்சியும் ஆகும். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கு அந்த இடம் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்குச் சொல்லப்படும் கதையே ஒரு முயல் வேட்டைதான். சாலிகுளத்துக் காட்டில் ஏழு வேட்டைநாய்கள் ஒரு முயலைத் துரத்தியதாம். குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் முயல் திரும்பி நின்று நாய்களை விரட்டியதாம். அந்த மண்ணுக்கு வீரம் இருக்கிறது என்று கோட்டையை அங்கேயே கட்டினார்கள் என்று கதை முடிகிறது. விஜயநகரம் எழும்பிய இடத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதையைச் சொல்வார்கள். ஆகையால் இதைச் சரித்திரம் என்று கொள்ள முடியாது. ஒன்று மட்டும் தெளிவு: கதை சொன்னவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் முயலின் பின்னே நாய்கள் ஓடுவது அன்றாடம் கண்ட காட்சி.

தமிழ் நிலத்தில் நாயோடு வேட்டைக்குப் போவது பாளையங்களுக்கு மிகவும் முந்தியது. சங்க நூல்கள் வேட்டுவரின் நாயை ஞமலி என்றும் ஞாளி என்றும் குறிக்கின்றன. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல் ஒன்று இன்னும் ஒரு படி மேலே போகிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நட்ட கல் அது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனோடு, இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது. கோவிவன் எந்த இனம் என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. நாய்க்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைக் கல்லில் வெட்டும் அளவுக்கு மதிப்பு இருந்தது என்பதுதான் விஷயம்.

சிப்பிப்பாறை அரபு நாட்டு சலூக்கி நாயின் வழி வந்தது என்று அடிக்கடி எழுதப்படுகிறது. பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு அரபு வணிகர்கள் குதிரை கொண்டுவந்தது உண்மை. காயல் துறையில் குதிரை இறங்கியதை மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். குதிரையோடு நாயும் இறங்கியிருக்கும் என்பது ஊகம். சலூக்கியைப் போல இருக்கிறது என்பது மட்டுமே அதற்கு ஆதாரமென்றால் அது பலவீனமான ஆதாரம். 2004-இல் 85 நாய் இனங்களின் மரபணுவை ஒப்பிட்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வில், பார்ப்பதற்கு ஒரே வார்ப்பாகத் தெரியும் சலூக்கியும் ஓட்டப் பந்தய நாயான கிரேஹவுண்டும் வேறு வேறு கூட்டத்தில் போய் விழுந்தன. சலூக்கி பழம்பெரும் இனங்களோடு நின்றது; கிரேஹவுண்டோ ஐரோப்பிய ஆட்டுக்காவல் நாய்கள் சிலவற்றோடு சேர்ந்தது. வெட்டவெளியில் வேகமான இரையைத் துரத்த வேண்டும் என்றால் எந்த நாட்டு நாயாக இருந்தாலும் உடம்பு ஒரே திசையில்தான் மாறும். கரிசல் காட்டிலும் அதுவே நடந்திருக்கலாம்.

அந்த வேலை எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் உடம்பு புரியும். அறுப்பு முடிந்த கம்பங்காட்டில் ஆட்கள் வரிசை பிடித்து, தடியால் தூர்களைத் தட்டிக்கொண்டே நடப்பார்கள். நாய்கள் அவர்கள் கையில் இருக்கும். கயிற்றைக் கழுத்துப்பட்டை வளையத்தில் கோத்து இரு முனையையும் ஒரே கையில் பிடித்திருப்பார்கள். ஒரு முனையை விட்டால் கயிறு உருவிக்கொள்ளும், நாய் போய்விடும். இங்குள்ள கருங்கழுத்து முயல் வளை தோண்டி வாழ்வதில்லை. மண்கட்டியோடு மண்கட்டியாக, காதை முதுகில் மடித்து ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும். மிதிக்கப் போகும் தூரத்துக்கு ஆள் வரும்வரை அசையாது. பிறகு காலடியிலிருந்து தெறித்து ஓடும். அது நேராக ஓடினால் நாய்க்கு வேலை சுலபம். நாயின் மூச்சு பின்னங்காலில் படுகிற நேரம் பார்த்து முயல் வெட்டித் திரும்பும். வேகத்தில் வந்த நாய் நிற்க முடியாமல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நாலு பாய்ச்சல் தள்ளிப் போய்த்தான் திரும்பும். அதனால்தான் இரண்டு நாயாக விடுவார்கள். ஒன்று தவறவிட்ட திருப்பத்தை மற்றது மடக்கும். வேலியோ ஓடையோ வருவதற்குள் பிடித்தால் உண்டு. இல்லாவிட்டால் முயலுக்கு ஆயுசு கெட்டி. நல்ல நாய் பிடித்த முயலைக் கிழிக்காமல், கவ்வியபடியே ஆள் வரும்வரை நிற்கும். கிழித்துத் தின்னும் நாய்க்கு எவ்வளவு வேகம் இருந்தாலும் ஊரில் பெயர் இருக்காது.

இந்த வேலைக்கு ஏற்ற உடம்பு இது. உயரம் தோள்பட்டையில் சுமார் 63 செ.மீ.; பெண் நாய் சற்றுக் குள்ளம். எடை 15 முதல் 20 கிலோவுக்குள். உயரத்துக்கு இது மிகக் குறைந்த எடை. தலை நீண்டு குறுகியது. நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே பள்ளம் கிட்டத்தட்ட இல்லை. காது சிறிதாக, ஓடும்போது பின்னால் மடிந்து கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கழுத்து நீளம். ஓடிக்கொண்டே குனிந்து கவ்வ அது வேண்டும். மார்பு முன்னிருந்து பார்த்தால் ஒடுக்கம், பக்கத்திலிருந்து பார்த்தால் முழங்கை வரை இறங்கிய ஆழம். உள்ளே இருதயமும் நுரையீரலும் தாராளமாக இருக்க, வெளியே காற்றைக் கிழிக்கத் தடையில்லாத அமைப்பு. மார்புக்குப் பின்னால் வயிறு சட்டென்று மேலேறி ஒட்டிக்கொள்ளும். பின்னங்கால் மடங்கி நிமிர அந்த இடைவெளி வேண்டும். முதுகு லேசாக வில்போல் வளைந்திருக்கும். தொடைச் சதை நீண்டு இறுகியிருக்கும். வால் மெல்லியது, நீளமானது, நுனியில் அரிவாள் போல் வளைந்தது. வெட்டித் திரும்பும்போது படகுக்குச் சுக்கான் போல உடம்பைச் சமன்படுத்தும். ரோமம் மழித்ததுபோல் குட்டை; வெயில் காலத்துக்கு அது வரம். உண்ணி ஒளிந்துகொள்ளவும் இடம் குறைவு.

இந்த வகை நாய்களின் ஓட்டமே தனி. ஒரு பாய்ச்சலுக்குள் நான்கு கால்களும் இரண்டு தடவை தரையை விட்டு எழும்பும். உடம்பு சுருண்டு பின்னங்கால்கள் முன்னங்கால்களுக்கு முன்னால் வரும்போது ஒருதரம். வில் தெறித்ததுபோல் உடம்பு முழுதும் நீண்டு விரியும்போது மறுதரம். குதிரைக்கு ஒருதரம்தான். முதுகெலும்பு வில்லாகச் சுருங்கி விரிவதால்தான் இது முடிகிறது. இந்த ஓட்டத்துக்கு எரிபொருள் அதிகம் ஆகும். ஓரிரு நிமிடத்துக்குள் இரை கிடைத்தாக வேண்டும். மணிக்கணக்காகத் துரத்துவது இந்த நாயின் தொழில் இல்லை.

கண்ணும் அதே கதைதான். நீண்ட மூக்குள்ள நாய்களின் விழித்திரையில் நரம்பணுக்கள் கிடைமட்டமாக ஒரு பட்டைபோல் செறிந்திருக்கின்றன. மூக்கு குட்டையான நாய்களில் அவை நடுவே ஒரு புள்ளியில் கூடுகின்றன. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். அடிவானத்தை ஒட்டி எங்கோ ஒரு புள்ளி நகர்ந்தாலும் கண்ணில் பட்டுவிடும் அமைப்பு அது. எல்லா நாய்களையும் போலவே இதற்கும் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அசைவுதான் தெரியும். மூன்று கெஜத்தில் படுத்திருக்கும் முயலைக் கடந்து போய்விடும் சிப்பிப்பாறை, நானூறு கெஜத்துக்கு அப்பால் ஓடுவதைக் கண்டு கயிற்றை இழுப்பதில் வியப்பில்லை.

குணத்தைப் பற்றிச் சொல்லும்போது வளர்ப்பவர்கள் கொஞ்சம் கூடவே சொல்வார்கள். வளர்த்தவன் கையால் அல்லாமல் யார் போட்டாலும் தின்னாது என்பது வழக்கமாகக் கேட்கும் பெருமை. எல்லா நாய்க்கும் அது பொருந்தாது. ஒருவரிடம் ஒட்டிக்கொண்டு மற்றவரிடம் விலகி நிற்பது மட்டும் உண்மை. கண்டவரிடமெல்லாம் வாலாட்டாது, கண்டவரையெல்லாம் கடிக்கவும் போகாது. புது ஆள் வந்தால் எட்ட நின்று பார்க்கும், பெரும்பாலும் நழுவிவிடும். அதிகம் குரைக்காது. வீட்டுக்குள் இருந்தால் இருக்கிற இடமே தெரியாமல் சுருண்டு தூங்கும். பேய்போல் ஓடும் நாய் வீட்டில் இவ்வளவு சோம்பேறியா என்று புதிதாக வளர்ப்பவர்கள் திகைப்பார்கள். சீறிப் பாய்ந்து ஓய்வெடுப்பதுதான் அதன் வாழ்க்கை முறை.

காவலுக்கு நாய் வேண்டும் என்று சிப்பிப்பாறை வாங்குவது பொருத்தமில்லாத காரியம். அந்த வேலைக்கு அதே தென் மாவட்டங்களில் வேறு நாய்கள் இருக்கின்றன. தேனி மாவட்டத்துக் கோம்பை கட்டையான உடம்பும் முரட்டுத் துணிவும் கொண்டது. பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக, சிப்பிப்பாறையைவிட உயரமும் கனமும் கூடிய ராஜபாளையம், வேட்டையோடு காவலுக்கும் பேர்போனது. சிப்பிப்பாறையின் சுபாவம் மென்மையானது. அதட்டலைத் தாங்காது. அடித்துப் பழக்கினால் முரடாவதைவிட ஒடுங்கிப்போவதே அதிகம்.

ஒன்றில் மட்டும் மென்மை கிடையாது. சின்னதாக, வேகமாக எது ஓடினாலும் அதற்கு முயல்தான். கோழி, பூனை, ஆட்டுக்குட்டி எதுவும் விலக்கில்லை. குட்டியிலிருந்து சேர்ந்தே வளர்ந்த வீட்டுப் பூனையை விட்டுவைக்கலாம். பக்கத்து வீட்டுப் பூனைக்கு அந்தச் சலுகை இல்லை. துரத்தத் தொடங்கிவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது காதில் ஏறாது. காது கேளாததால் அல்ல. நூற்றுக்கணக்கான தலைமுறையாக, கூப்பிட்டதும் திரும்பி வந்த நாயை யாரும் இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளவில்லை. நகரத்தில், சாலையோரத்தில் கயிறில்லாமல் விடவே கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு கச்சிதமாக ஒரு வேலைக்காக வார்த்த நாய்க்கு அந்த வேலை போய்விட்டது. 1972-இல் வந்த வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. முயலும் அதன் பாதுகாப்புக்குள் வரும். கோயில் திருவிழாவை ஒட்டி ஊரே கூடி முயல் வேட்டைக்குப் போகும் பழக்கம் பல இடங்களில் நின்றது. நிற்காத இடங்களில் வனத்துறை அபராதம் போடுகிறது. சட்டத்துக்கு முன்பே நிலமும் மாறத் தொடங்கியிருந்தது. பாளையங்களின் வழிவந்த ஜமீன்கள் போயின. தரிசெல்லாம் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டது. முள்ளுக்குள் பார்வை நாய்க்கு என்ன வேலை? முழு வேகத்தில் முட்புதருக்குள் புகுந்தால் அதன் மெல்லிய தோல்தான் கிழியும். குட்டிகளைக் கேட்டு வருவோர் குறைய, ஈற்றில் வலுவான ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கவனிக்காமல் விட்ட காலமும் உண்டு.

திரும்பப் பேச்சு எழுந்தது அண்மையில்தான். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்கு நான்கு தபால்தலைகள் வெளியிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது ராஜபாளையம் மட்டும். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாட்டோடு நாட்டு நாயும் இளைஞர்களின் கவனத்துக்கு வந்தது. 2018-இல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் கருப்பி என்ற வேட்டைநாய் மறக்க முடியாத பாத்திரமானது. கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபுவளப் பணியகம் இந்திய நாய் இனங்களைப் பதிவு செய்யத் தொடங்கியபோது முதலில் இடம்பிடித்த மூன்றில் இரண்டு தமிழ்நாட்டவை: ராஜபாளையமும் சிப்பிப்பாறையும். மூன்றாவது கர்நாடகத்து முதோல். 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றின் பெயர்களைச் சொன்னதும் குட்டி விலை ஏறியது.

மவுசு வந்ததில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ஓட்டப் பந்தயத்துக்கு வேகம் வேண்டுமென்று கிரேஹவுண்டோடு கலந்துவிட்டு, குட்டிகளைச் சிப்பிப்பாறை என்றே விற்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய ஆபத்து இதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்து வருகிறது: சுத்த ரத்தம் வேண்டும் என்று நெருங்கிய உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்ப்பது. பெயர்பெற்ற ஒரு ஆண் நாயிடம் வட்டாரத்துப் பெண் நாய்களையெல்லாம் கொண்டுபோனால், இரண்டே தலைமுறையில் எல்லாம் பங்காளி ஆகிவிடும். ஒளிந்திருக்கும் குறைகள் வெளிவருவது அப்போதுதான். ஈற்றில் குட்டிகளின் எண்ணிக்கை குறையும், நோய் எதிர்ப்பு குன்றும்.

மற்றபடி சிப்பிப்பாறை திடகாத்திரமான நாய். இயற்கையும் வேட்டையும் சலித்தெடுத்த உடம்பு என்பதால், அலங்காரத்துக்காகத் திருகப்பட்ட இனங்களில் காணும் மூச்சுத்திணறலோ இடுப்பு மூட்டுக் கோளாறோ இதில் அதிகம் இல்லை. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் பிறவிச் செவிட்டுத்தன்மை ராஜபாளையத்துக்குப் பெரும் குறை. உட்காதில் நிறமி அணுக்கள் இல்லாமல் போவதால் வருவது அது. சிப்பிப்பாறையும் கன்னியும் நிறமுள்ளவை என்பதால் அந்தத் தொல்லை இல்லை. சாம்பல் நிறத்தில் மட்டும் ஒரு கண் வைக்க வேண்டும். கருப்பை வெளுக்கச் செய்யும் மரபணுவால் வரும் நிறம் அது; பல இனங்களில் அந்த நிறத்து நாய்கள் சிலவற்றுக்கு வயது ஏற ஏற முதுகில் ரோமம் உதிர்ந்து தோல் செதிலாகும்.

ஆழ்ந்த மார்புள்ள எல்லா நாய்க்கும் உள்ள அபாயம் வயிறு முறுக்கிக்கொள்வது. வயிறு நிறையத் தின்றுவிட்டு உடனே ஓடினால் இரைப்பை காற்றால் ஊதித் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளக் கூடும். வயிறு தம்பட்டம்போல் உப்பி, நாய் வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவித்தால் மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. அறுவை சிகிச்சை ஒன்றே வழி. உணவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பதும், தின்றபின் ஓட விடாமல் இருப்பதும் தற்காப்பு.

மயக்க மருந்து இன்னொரு கவனம். கிரேஹவுண்டில் நன்கு ஆராயப்பட்ட உண்மை இது: உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு, சில மருந்துகளைச் சிதைக்கும் ஈரல் நொதியும் குறைவு, ஆகவே தயோபென்டால் போன்ற மருந்து கொடுத்தால் நாய் எழுந்திருக்க நெடுநேரம் ஆகும். ரத்தப் பரிசோதனையிலும் அது மற்ற நாய்களிலிருந்து விலகி நிற்கிறது. பொதுவாக நாய் ரத்தத்தில் சிவப்பணுப் பங்கு 37 முதல் 55 விழுக்காடு. கிரேஹவுண்டில் 50 முதல் 65 வரை போகும். அதே உடற்கட்டுள்ள சிப்பிப்பாறைக்கும் மருந்தை அளவு பார்த்துக் கொடுப்பதே புத்திசாலித்தனம். கருத்தடை அறுவைக்கு நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது, இது எந்த வகை நாய் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உள்ளூர் அபாயங்கள் வேறு. உண்ணி மூலம் பரவும் காய்ச்சல்கள் தமிழ்நாட்டில் நாய்களைக் கொல்வதில் முன்னணியில் நிற்பவை. தீனி எடுக்காமல், ஈறு வெளிறி, சிறுநீர் நிறம் மாறினால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். குட்டிகளுக்கு எமன் பார்வோ வைரஸ். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசியும், இடைவெளி விட்டுத் தொடர் ஊசிகளும் போட்டாக வேண்டும். மூன்றாம் மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு ஆண்டுதோறும். வெயிலில் ஓட விடக் கூடாது. ஒரு நிமிட ஓட்டத்திலேயே இந்த நாயின் உடல் சூடு அபாய எல்லையைத் தொடும்; ஓட்டம் அதிகாலைக்கும் அந்திக்கும் உரியது.

தீனி விஷயத்தில் ஊர்ப் பழக்கம் கம்பங்கூழும் சோளக்களியும் மோருமாக இருந்தது. வேட்டை நாளில் இறைச்சி. அதிலேயே வாழ்ந்த நாய் என்று சொல்லி வெறும் கூழை ஊற்றுவது சரியல்ல. வளரும் குட்டிக்கு முட்டையும் இறைச்சியும் வேண்டும். சுண்ணாம்புச் சத்து மருந்தை மிகுதியாகக் கொடுத்தால் நீண்ட கால்கள் கோணும். கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது இந்த நாய்க்கு ஆரோக்கியம். நாயைப் பட்டினி போடுகிறீர்களா என்று பார்ப்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அவர்களுக்காகக் கொழுக்க வைத்தால் மூட்டும் இருதயமும் பாதிக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பன்னிரண்டு ஆண்டு வாழ்வது சாதாரணம்.

நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டி வைப்பதுதான் இந்த நாய்க்கு வரும் நோய்களில் மோசமானது. கட்டிப்போட்ட சிப்பிப்பாறை ஓயாமல் வட்டமடிக்கும், தன் காலையே கடிக்கும், நிழலைக் கண்டு மிரளும். வேலி போட்ட தோட்டமோ வயலோ, தினம் பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓட ஓர் இடமோ இல்லாதவர்கள் இந்த இனத்தை வளர்க்காமல் இருப்பது நல்லது. அடுக்குமாடி வீட்டின் பால்கனி அதற்கான இடம் இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது; இனவிருத்தி செய்பவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நிறத்தையும் பெயரையும் மட்டும் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டாம். தாயும் தகப்பனும் ஒரே ஈற்றில் பிறந்தவையா என்று கேட்க வேண்டும். தகப்பன் நாயை வெட்டவெளியில் ஓடவிட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். நாயின் தரத்தை அந்த ஓட்டம் காட்டும். காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்காதீர்கள்.